டெல்லிக்குக் கொண்டுபோன செர்ரிக் கொப்பு

அக்கா போக வேண்டிய பயணம் அது. அவளுக்கு முட்டி வீங்கிவிட்டது. நான் போனேன்.

அக்கா மகள் செல்வி டெல்லியில் மயூர் விஹாரில் இருக்கிறாள். ஏதோ கணக்கு பார்க்கிற கம்பெனியில் வேலை. மாப்பிள்ளை வேலை விஷயமாக வெளியூர் போயிருந்தார். துணைக்கு ஆள் வேண்டும் என்றாள். எனக்கும் அங்கே ஒரு காரியம் இருந்தது. அதனால் சரி என்றேன்.

காரியம் இதுதான். எங்கள் ஊர் கொடைக்கானலுக்கும் மேலே, மேல்மலை. பூண்டு போடுவோம், உருளை போடுவோம், கொஞ்சம் பிளம்ஸ் மரம் உண்டு. என் மகன் பிரபு முன்பு டெல்லியில் ஒரு ஓட்டலில் சமையல் வேலை பார்த்தான். ஒரு முறை லீவில் வரும்போது ஒரு கட்டுச் செர்ரிக் கன்று வாங்கி வந்தான். பழம் நல்ல விலை போகும் என்றான். மேல்தட்டு நிலத்தில் நட்டுவிட்டு மறுபடி வேலைக்குப் போனான். நட்டது அவன். பார்த்துக்கொண்டது என் வீட்டுக்காரர்.

மரம் நன்றாக வந்தது. கார்த்திகை கடைசியில் பூத்தது. மேடு முழுக்க ரோஸ் நிறம். ரோட்டில் போகிற கார்கள் நின்று போட்டோ எடுத்தன. பிரபு வேலையை விட்டுவிட்டு ஊருக்கே வந்துவிட்டான்.

பிறகு காய்த்தது. சுண்டைக்காய் அளவு. பழுத்ததும் என் வீட்டுக்காரர் ஒன்றை வாயில் போட்டார். கசப்பும் துவர்ப்பும். பிளம்ஸ் வியாபாரி பக்கத்தில் நின்றார். அவர் முன்னாலேயே துப்பினார்.

"டெல்லியில போயி வெறகு வாங்கியாந்திருக்கான் எம் மவன்" என்றார்.

டீக்கடையில் அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். பிரபுவை யார் பார்த்தாலும் "என்னப்பா, வெறகு என்ன வெல?" என்றார்கள். அவன் அந்த மாதமே கோயம்புத்தூருக்குப் போய்விட்டான். அப்பனும் மகனும் அன்றிலிருந்து பேசவில்லை. எங்கள் வீட்டில் பிரபுவின் நம்பர் என் போனில் மட்டும்தான் இருக்கிறது.

இந்த மார்கழி முடிந்து தை பிறந்ததும் மரத்தை எல்லாம் ரம்பம் போட்டு எடுத்துவிட்டுப் பூண்டு போடப்போவதாக வீட்டுக்காரர் சொன்னார். ரம்பக்காரனிடமும் சொல்லிவிட்டார். என் மகனை ஏமாற்றினார்களா இல்லையா என்று எனக்குத் தெரிய வேண்டும். ஏமாற்றியிருந்தால் வெட்டட்டும். நான் குறுக்கே நிற்கமாட்டேன். தெரியாமல் வெட்டக் கூடாது.

பூவோடு ஒரு கொப்பை ஒடித்து, அடியில் ஈரத்துணி சுற்றி, அக்கா பெண்ணுக்கு எடுத்து வைத்த பூண்டுப் பையில் செருகிக்கொண்டேன்.

ரயிலில் பூ உதிர்ந்துவிட்டது. பக்கத்து சீட்டில் ஒரு வட நாட்டுக் குடும்பம். அந்த அம்மாள் உதிர்ந்த பூவைப் பொறுக்கித் தன் குழந்தையின் தொப்பியில் வைத்தாள். எனக்கு ஒரு சப்பாத்தியும் ஊறுகாயும் கொடுத்தாள். நான் அவளுக்கு இரண்டு பூண்டு கொடுத்தேன். முகர்ந்து பார்த்து வாயைப் பிளந்தாள். எங்கள் பூண்டின் வாசனை அப்படி. பெட்டி முழுக்க அதே வாசனைதான். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

டெல்லியில் இறங்கும்போது பத்தடிக்கு அப்பால் ஆள் தெரியவில்லை. எங்கள் ஊரிலும் மஞ்சு இறங்கும். அது ஈரமாக இருக்கும், மண் வாசனை அடிக்கும். இது புகை கலந்தது. தொண்டையில் உட்கார்ந்துகொள்கிறது. குளிரும் வேறு மாதிரி. எங்கள் ஊரில் குளிர் வெளியே இருக்கும், வீட்டுக்குள் அடுப்பு இருக்கும். இங்கே குளிர் சுவரிலிருந்தும் தரையிலிருந்தும் வருகிறது. செல்வி வீட்டுக்குள்ளேயே செருப்புப் போட்டுக்கொண்டு நடக்கிறாள்.

செல்வி குடியிருப்பது அடுக்குமாடி. கேட்டில் ஒரு காவல்காரர். பெயர் ராவத். என் வயதிருக்கும். கம்பளித் தொப்பி, கழுத்து வரை சால்வை. ஆட்டோவிலிருந்து நான் இறங்கும்போது பையைத் தூக்க வந்தவர், கொப்பைப் பார்த்ததும் பையை விட்டுவிட்டார். கொப்பைக் கையில் எடுத்தார். பட்டையைக் கட்டை விரலால் தேய்த்தார். வளையம் வளையமாகச் செம்பு மாதிரி மினுங்கும் பட்டை அது. முகர்ந்தார். ஏதோ சத்தமாகச் சொன்னார்.

"என்னாங்குறாரு?" என்று செல்வியைக் கேட்டேன்.

"பயாம்ங்கறார் சித்தி. அவங்க ஊர் மரமாம். இமயமலையில கட்வால்ல இருக்காம். இது எப்படி உங்க கையிலங்கறார்."

"எங்க தோட்டத்துலன்னு சொல்லு."

அவர் நம்பவில்லை. மதராஸில் ஏது பயாம் என்றார். கடலும் தேங்காயும்தானே அங்கே என்றார். எங்கள் ஊர் மலை, ஸ்வெட்டர் இல்லாமல் இருக்க முடியாது என்று செல்வி சொன்னாள். அதையும் அவர் நம்பவில்லை. என் ஸ்வெட்டரைப் பார்த்தார். பழைய ஸ்வெட்டர். அதற்குப் பிறகு கொஞ்சம் நம்பினார்.

அன்று சாயங்காலம் நாங்கள் பால் வாங்க இறங்கியபோது அவர் மீண்டும் பிடித்துக்கொண்டார். கூண்டு மாதிரி சின்ன அறை, உள்ளே ஒரு ஹீட்டர். டீ வாங்கி வைத்திருந்தார். சர்க்கரைப் பாகு போல டீ. அவர் சொன்னதைச் செல்வி நின்று மொழிபெயர்த்தாள்.

மற்ற மரமெல்லாம் இலை உதிர்க்கிற காலத்தில் பயாம் பூக்கும். அந்த நேரத்தில் தேனீக்கு வேறு பூ கிடையாது. எங்கள் ஊரில் கல்யாணப் பந்தலுக்கு இந்த இலைதான் கட்டுவோம். சாமி மரம். விறகுக்கு வெட்டமாட்டோம் என்றார்.

"பழம்?" என்றேன்.

"பழம் பறவைக்கு" என்றார்.

"இது செர்ரியான்னு கேளு."

செல்வி கேட்டாள். அவர் சிரித்தார். செர்ரி என்றால் கடையில் டப்பாவில் இருப்பதா, அது வேறு, அது துரைமார் பழம், இது எங்களுடையது என்றார்.

 அப்படியானால் வீட்டுக்காரர் சொன்னதுதான் சரி. காட்டு மரத்தைச் செர்ரி என்று சொல்லி மகன் தலையில் கட்டியிருக்கிறார்கள். டீயைக் குடித்து முடித்தேன். ராவத்துக்கு ஒரு பிடி பூண்டு கொடுத்தேன். வீட்டுக்காரர் போன் பண்ணியபோது வந்து சேர்ந்தேன் என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் செல்வி என்னை ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குக் கூட்டிப்போனாள். கறிவேப்பிலை, சாம்பார் வெங்காயம், அப்பளம், இட்லி அரிசி எல்லாம் அங்கே இருக்கிறது. கடைக்காரர் செல்வியிடம் தமிழும் இந்தியும் கலந்து பேசினார். "ஜல்தி சொல்லும்மா, முருங்கக்கா வேணுமா, அச்சா மால், நேத்துதான் வந்துச்சு." முருங்கைக்காய் விறைத்துப்போய்க் கிடந்தது. அதையும் நாலு பேர் வாங்கிக்கொண்டு போனார்கள்.

ஒரு பழக்கடையில் செர்ரி இருந்தது. வெளிநாட்டுச் சரக்காம். சின்னப் பெட்டியில் பஞ்சு மெத்தை போட்டு நகை மாதிரி அடுக்கியிருந்தார்கள். நான் நின்று பார்த்தேன். செல்வி விலை கேட்டுவிட்டு மூச்சை இழுத்தாள்.

"வேணாம் வா" என்றேன்.

"இருங்க சித்தி. பிரபு விஷயம்ல. ருசி பாத்துடலாம்." கடைக்காரனிடம், "அண்ணா, கொஞ்சமா எடுத்துக் கொடுங்க" என்று கெஞ்சினாள். பெட்டியைப் பிரிக்கமாட்டேன் என்றான் அவன். அவள் விடவில்லை. இது எங்கள் சித்தி, மலையிலிருந்து வந்திருக்கிறாள், செர்ரித் தோட்டக்காரி என்று அடித்துவிட்டாள். அவன் என் ஸ்வெட்டரைப் பார்த்தான். ஓரத்தில் நசுங்கியதில் நாலைந்து எடுத்துக் கொடுத்தான். காசு வாங்கவில்லை.

நல்ல கருஞ்சிவப்பு. கடித்ததும் சாறு. இனிப்பு, கொஞ்சம் புளிப்பு. பேக்கரி பன்னில் வைக்கும் சிவப்புச் சாமானையும் செர்ரி என்பார்கள், அது களாக்காயில் செய்வது என்று செல்வி சொன்னாள். அது இருக்கட்டும். எங்கள் தோட்டத்துக் காய் இதுவும் இல்லை, அதுவும் இல்லை. கொட்டையைத் துப்பிக் கையில் வைத்துப் பார்த்தேன். வழவழவென்று உருண்டை. எங்களுடையது நீளவாக்கு, சொரசொரப்பு, பழத்தில் பாதி கொட்டைதான்.

"என்ன சித்தி?"

"வேற" என்றேன்.

திரும்பும்போது மெட்ரோ. கூட்டத்தில் செல்வி உள்ளே ஏறிவிட்டாள். எனக்கு முன்னால் ஒரு மூட்டைக்காரன். கதவு சாத்திக்கொண்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் செல்வி வாயை வாயைத் திறந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. ரயில் போய்விட்டது.

மஞ்சு இறங்கி வழி தெரியாமல் போனால் நடக்கக் கூடாது. நின்ற இடத்தில் உட்கார்ந்துவிட வேண்டும். எங்கள் ஊரில் பிள்ளைகளுக்கு முதலில் சொல்லிக் கொடுப்பது அதுதான். உட்கார்ந்தேன். மார்க்கெட்டில் வாங்கிய வேர்க்கடலை மடியில் இருந்தது. உரித்துத் தின்றேன். ஒரு பெண் போலீஸ் வந்து தோல் கீழே விழக் கூடாது என்று கை காட்டினாள். முந்தானையில் கட்டிக்கொண்டேன்.

செல்வி அழுதுகொண்டே எதிர் ரயிலில் திரும்பி வந்தாள்.

"எங்கெல்லாம் தேடறது உங்கள!"

"நான் எங்கயும் போகலயே" என்றேன். கடலை கொடுத்தேன். அவளும் தின்றாள்.

அதற்கடுத்த நாள் காலையில் வீட்டுக்காரர் போன் பண்ணினார். ஊரில் பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில்தான் சிக்னல் கிடைக்கும். காற்று சத்தம் கேட்டது.

"ஏ இந்தா. ரம்பக்காரன் கேரளாவுக்கு வேலைக்குப் போறானாம். தை முடியுற வரைக்கும் இருக்கமாட்டான். நாளைக்குக் காலையிலயே வந்து எடுத்துர்றேங்குறான்."

"மார்கழியில ஏங்க?"

"வெறகு வெட்ட மார்கழி என்னா, மாசி என்னா."

"நான் வந்துரட்டும்."

"நீ வந்து மரத்துக்கு என்னா, பொங்கலா வைக்கப்போற?"

வைத்துவிட்டார்.

பிரபு கன்று வாங்கிய இடம் சாணக்யபுரியில் என்று செல்வியிடம் சொல்லியிருந்தேன். ஒரு மலை மாநிலத்து விருந்தினர் இல்லம். குளிர்காலத்தில் அதன் முற்றத்தில் அந்த ஊர்க்காரர்கள் ஆப்பிள், ராஜ்மா, வால்நட், பழக்கன்று எல்லாம் கொண்டுவந்து விற்பார்களாம். அன்று சாயங்காலம் ஆபீஸ் முடிந்து போகலாம் என்றிருந்தாள் செல்வி. நான் வீட்டுக்காரர் சொன்னதைச் சொன்னேன். அவள் ஆபீஸுக்கு லீவு போட்டாள்.

ஆட்டோவில் போனோம். மஞ்சில் ஆட்டோக்காரர் ஒரு ரவுண்டானாவை மூன்று தடவை சுற்றினார். எல்லாத் தெருவும் ஒரே மாதிரி. அகலமான ரோடு, உயரமான சுவர், சுவருக்கு மேலே ஏதோ ஒரு நாட்டுக் கொடி. மனுஷ நடமாட்டமே இல்லை. "இங்கே வழி கேட்கக்கூட ஆள் கிடையாது மாதாஜி, எல்லாம் பெரிய மனுஷர்கள்" என்றார். கடைசியில் சர்க்கரைவள்ளி சுட்டு விற்கிற ஒருவர் வழி சொன்னார். செல்வி இறங்கி இரண்டு பொட்டலம் வாங்கினாள். மசாலா தூவி எலுமிச்சை பிழிந்து கொடுத்தார். நாங்கள் வெல்லம் தொட்டுத் தின்போம். இதுவும் மோசமில்லை.

முற்றத்தில் கடைகள் இருந்தன. கன்று விற்றது ஒரே ஒரு அம்மாள், வருஷா வருஷம் அவள்தானாம். தலையில் பூப்போட்ட துணி கட்டியிருந்தாள். சாக்கு மேல் உட்கார்ந்து சாக்கையே போர்த்தியிருந்தாள். பக்கத்தில் கன்றுகள் வேரில் மண் இல்லாமல் ஈரப் பாசி வைத்துக் கட்டிக் கிடந்தன. குச்சி குச்சியாக, ஒரு இலை கிடையாது. பிரபு கொண்டுவந்ததும் இப்படித்தான் இருந்தது.

நான் கொப்பை நீட்டினேன். பூ போய் இலை மட்டும் நாலு துளிர்த்திருந்தது.

"இவங்க மகன் உங்ககிட்ட செர்ரி வாங்கினார். இது வந்திருக்கு" என்றாள் செல்வி. குரல் கொஞ்சம் ஏறியிருந்தது.

அந்த அம்மாள் கொப்பை வாங்கவே இல்லை. உட்கார்ந்தபடியே பார்த்தாள்.

"பாஜா" என்றாள்.

"எங்க வாட்ச்மேன் பயாம்ங்கறார்."

"அவர் கட்வாலா? அங்கே பயாம். எங்களுக்கு பாஜா."

"அப்ப நீங்க செர்ரின்னு சொல்லி பாஜாவை வித்திருக்கீங்க?"

அந்த அம்மாளுக்குக் கோபம் வந்தது. சாக்கை உதறிவிட்டு எழுந்தாள். வேகமாகப் பேசினாள். செல்விக்குப் பாதி புரியவில்லை. நான் செல்வியின் கையைப் பிடித்தேன்.

"நீ சண்ட போடாத. அவங்க சொல்றத மட்டும் சொல்லு."

அந்த அம்மாள் கட்டிலிருந்து ஒரு செர்ரிக் கன்றை உருவினாள். என் கையில் கொடுத்தாள். வேருக்கு மேலே ஒரு சாண் தள்ளி விரலை வைத்துக் காட்டினாள். அந்த இடத்தில் தண்டு முழங்கை மாதிரி லேசாக வளைந்து புடைத்திருந்தது. நான் குனிந்து பார்த்தேன்.

புடைப்புக்குக் கீழே பட்டை செம்பு நிறம், வளையம், மினுமினுப்பு. மேலே சாம்பல் நிறம், வெள்ளி பூசினாற்போல. மேலே மொட்டுகள் கொத்துக் கொத்தாக, குண்டாக, இறுக மூடித் தூங்கிக்கொண்டிருந்தன. கீழே மொட்டு ஒல்லி, கூர். நான் என் கொப்பைக் கீழ்ப்பாகத்தின் மேல் வைத்துப் பார்த்தேன். ஒன்றுதான். மேல்பாகத்தின் மேல் வைத்தேன். ஒட்டவில்லை.

செல்வி மெதுவாகச் சொன்னாள். "பாஜா விதையைப் போட்டு முளைக்க வைப்பாங்களாம். அதுக்கு வேர் கெட்டியாம். அதுமேல செர்ரியை ஒட்டுக் கட்டுவாங்களாம். கீழே அது, மேலே இது. ஒரே வம்சம்தானாம், அதனால பிடிச்சுக்குமாம். அக்கா தங்கச்சி மாதிரிங்கறாங்க."

அந்த அம்மாள் என்னைப் பார்த்து இரண்டு விரலைக் கத்தரி மாதிரி ஆட்டினாள். ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"எங்கே வெட்டினீங்கன்னு கேக்கறாங்க சித்தி."

எனக்கு உடனே தெரிந்துவிட்டது.

எங்கள் ஊர் பிளம்ஸ் வேர்க்கன்றில் வருவது. பெரிய மரத்தின் வேரிலிருந்து முளைத்ததைப் பெயர்த்து நடுவோம். ஒட்டு எதுவும் கிடையாது. நட்ட முதல் மார்கழியில் தரையிலிருந்து அரைச் சாண் விட்டு வெட்டிவிடுவோம். வெட்டினால் வேர் பிடித்துத் திரட்சியாகத் துளிர்க்கும். எங்கே வெட்டினாலும் அதே பிளம்ஸ்தான் வரும். என் மாமனார் அப்படிச் செய்தார். ஊரில் எல்லோரும் அப்படித்தான். பிரபு நட்டுவிட்டுப் போனதும் என் வீட்டுக்காரர் செர்ரியையும் அப்படியே வெட்டினார். ஒன்று விடாமல், ஒரே மட்டத்தில், அழகாக. வெட்டிய குச்சி அவரைப் பந்தலுக்குப் போனது.

பந்தலுக்குப் போனதுதான் செர்ரி. அடியில் நின்றது பாஜா.

நான் தரைக்கு மேலே அரைச் சாண் காட்டினேன். அந்த அம்மாள் நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். பிறகு சிரித்துவிட்டாள். சிரித்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். கை எங்கள் கை மாதிரியே இருந்தது, விரல் நுனியெல்லாம் வெடிப்பு.

"நீங்கள் எத்தனை ஆப்பிள் மரம் வைத்திருக்கிறீர்கள்?" என்றாள்.

"ஒண்ணும் இல்ல. பூண்டு."

"பூண்டுக்காரர்கள்!" என்றாள், எல்லாம் விளங்கிவிட்டது போல. ஆப்பிளும் ஒட்டுக்கன்றுதானாம்.

இன்னொன்றும் கேட்டாள். உங்கள் ஊரில் பனி விழுமா, தரை வெள்ளையாக எத்தனை நாள் கிடக்கும் என்று. விழாது, விடிகாலையில் புல்லில் உறைபனி இருக்கும், வெயில் வந்தால் போய்விடும் என்றேன். தலையை ஆட்டினாள்.

"அப்படியென்றால் செர்ரி இருந்திருந்தாலும் காய்த்திருக்காது. அதற்குப் பனியில் நன்றாகத் தூங்க வேண்டும். பங்குனியில் எழுந்து வெள்ளையாகப் பூக்கும். தூங்காத மரம் பூக்காது. பாஜாவுக்கு அந்தத் தொல்லை கிடையாது. உங்கள் பையன் என்னிடம் ஊர் எதுவென்று சொல்லவில்லையே. மலை என்றான். நான் என் மலை மாதிரி என்று நினைத்துவிட்டேன்."

அப்படியும், பனி குறைவாகக் கேட்கிற புது ரகம் ஒன்று வரப்போகிறது, அடுத்த வருஷம் வாருங்கள் என்றாள். வியாபாரம் வியாபாரம்தான். நான் வால்நட் கொஞ்சம் வாங்கிக்கொண்டேன். அவளிடம் கடைசிப் பூண்டைக் கொடுத்தேன். ஒரு பல்லைப் பச்சையாகக் கடித்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது. இன்னொன்று கடித்தாள்.

வெளியே வந்து சுவரோரம் நின்றோம். வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். போகவில்லை. தோட்டத்தில் இருப்பார். சாயங்காலம்தான் பஸ் நிறுத்தத்துக்கு வருவார்.

"சித்தி, ஒண்ணு சொல்லட்டுமா?" என்றாள் செல்வி. "வித்தவங்க மேல தப்புன்னு சொல்லிடுங்க. மாத்திக் கொடுத்துட்டாங்க, இப்ப மன்னிப்புக் கேக்கறாங்க, இன்னும் ஒரு வருஷம் மரத்தை விட்டு வைங்கன்னு. பிரபு மேலயும் தப்பில்ல, சித்தப்பா மேலயும் தப்பில்ல. யாருக்கும் தலைகுனிவு இல்ல."

யோசித்தேன். நல்ல யோசனைதான். இங்கே ஒரு அம்மாள் சாக்கு மேல் உட்கார்ந்திருப்பது அங்கே யாருக்குத் தெரியும்.

"அந்தம்மா என் கையப் பிடிச்சுருச்சே" என்றேன்.

"அவங்களுக்குத் தெரியவா போகுது?"

"எனக்குத் தெரியும்ல."

அவள் ஆட்டோ பிடித்தாள்.

சாயங்காலம் வீட்டுக்காரர் பேசினார். நான் சுற்றி வளைக்கவில்லை.

"அந்தம்மாவப் பாத்தேன். அது குடுத்தது செர்ரிதான். ஒட்டுக்கன்னு. ஒரு சாணுக்கு மேலதான் செர்ரி. அடியில காட்டுமரம்."

"ம்" என்றார்.

"நாம அரைச் சாண்ல வெட்டுனோம்" என்றேன்.

காற்று சத்தம் மட்டும் கேட்டது. ஒரு பஸ் வந்து நின்று போனது.

"வெட்டாம விட்டிருந்தாலும் நம்ம குளிருக்குக் காய்ச்சிருக்காதாம். அதையும் சொல்லுச்சு. பிரபு அதக் கேட்டு வாங்கல. அது அவன் பண்ணுன பெசகு. ஏமாத்தல யாரும்."

"நாம வெட்டுனோமா" என்றார். "நாந்தான வெட்டுனேன்."

"ஆமா."

"வை" என்றார்.

வைத்துவிட்டார். ரம்பக்காரன் வருகிறானா இல்லையா என்று நான் கேட்கவில்லை. கேட்டாலும் சொல்லியிருக்கமாட்டார்.

செல்வி முள்ளங்கி பராத்தா சுட்டாள். நன்றாக இருந்தது. இரண்டு தின்றேன். ஏதாவது சொன்னாரா, ஏதாவது சொன்னாரா என்று அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். மாப்பிள்ளை அன்று திரும்பிவிட்டார். அவரும் கேட்டார். "அத்தை, மாமா வெட்டிருவாரா?" என்றார். தெரியாது என்றேன்.

மறுநாள் நான் கிளம்ப வேண்டும். காலையில் பையோடு இறங்கியபோது ராவத் ஓடி வந்தார். கொப்பு எங்கே என்றார். என் கையில்தான் இருந்தது. இனி அது எனக்கு எதற்கு. அவரிடம் கொடுத்தேன். நட்டால் வருமா என்று செல்வி கேட்டாள். டெல்லி வெயிலில் கருகிவிடும் என்று கையை விரித்தார். ஆனாலும் வாங்கி, காவல் அறையில் தண்ணீர் பாட்டிலில் செருகி வைத்தார். போய்வாருங்கள் அம்மாஜி, மதராஸில் மலை இருக்கிறது என்று எங்கள் ஊர்க்காரர்களிடம் சொல்கிறேன் என்றார். அவர்கள் நம்பமாட்டார்கள் என்றும் சொன்னார்.

மஞ்சினால் ரயில் தாமதம். எவ்வளவு தாமதம் என்று யாருக்கும் தெரியவில்லை. பிளாட்பாரத்தில் ஜனங்கள் போர்வைக்குள் மூட்டை மாதிரி கிடந்தார்கள். செல்வியை ஆபீஸுக்கு அனுப்பிவிட்டேன். போகமாட்டேன் என்றாள். நான் நின்ற இடத்தில் இருப்பேன், எங்கும் போகமாட்டேன் என்று சொன்னதும் சிரித்துவிட்டுப் போனாள்.

ஊரில் இந்நேரம் ரம்பம் ஓடிக்கொண்டிருக்கும் என்று நினைத்தேன். அந்த சத்தம் எதிர் மலையில் பட்டுத் திரும்பும். வால்நட்டைக் கல்லில் தட்டித் தின்ன முயன்றேன். உடையவில்லை. நேற்றுச் சாயங்காலமே பிரபுவுக்குப் போன் பண்ணியிருக்கலாம். பண்ணவில்லை. அதை அவன் அப்பன் சொல்ல வேண்டும் என்று இருந்துவிட்டேன். அவரிடம் நம்பர் கிடையாது என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

போன் அடித்தது. பிரபு.

"அம்மா, அப்பா போன் பண்ணாரு."

"நம்பர் ஏது அவருக்கு?"

"நம்ம டீக்கடைக்காரர்கிட்டப் போய்க் கேட்டாராம். அங்க நாலு பேர் இருந்தாங்களாம். எதுக்குன்னு கேட்டதுக்கு எல்லாத்தையும் சொல்லிட்டாராம்."

"எல்லாத்தையுமா?"

"அரைச் சாண்ல வெட்டுனதச் சொல்லியிருக்காரும்மா. டீக்கடையில வச்சு."

நான் எழுந்து நின்றேன். உட்கார்ந்து கேட்க முடியவில்லை.

"உங்கிட்ட என்ன சொன்னாரு?"

"மொதல்ல இருமுனாரு. அப்புறம், ரம்பக்காரன் வந்து நிக்கிறான், என்ன செய்யன்னாரு."

"உன்னையா கேட்டாரு?"

"என்னையத்தான். எனக்கே ஒண்ணும் ஓடல. பூ இருக்கான்னு கேட்டேன். இருக்கு, தேனீ மொய்க்குதுன்னாரு. அப்ப அந்த ஆளுக்கு டீயும் வண்டிச் செலவும் குடுத்து அனுப்பிருங்கன்னேன்."

"அனுப்பிட்டாரா?"

"சரின்னாரு. வைக்கப் போனவரு மறுபடி கூப்பிட்டாரு. பொங்கலுக்கு வருவியான்னாரு. வர்றேன்னேன். வா, காஞ்ச கொப்பு கொஞ்சம் கழிக்கணும், எங்க வெட்டணும்னு நீ நின்னு சொல்லுன்னாரு."

  ரயில் வருகிறதென்று மைக்கில் சொன்னார்கள். எல்லா மூட்டையும் ஒன்றாக எழுந்தது.

"வண்டி வருதுப்பா" என்றேன்.

"பாத்து ஏறும்மா" என்றான்.